வியூபேஜர்2: புள்ளிக்குப் பதில் ஐகான் வைத்தால் எல்லாம் சாம்பல் நிறம், புதுப் போனில் ஆப் சாய்கிறது

குடமுருட்டி:
வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செய்யிறோம். விரலால தள்ளிப் பாக்குற மாதிரி நாலு திரை: மேட்டூர் நீர்மட்டம், மழை, பயிர், நெல் கொள்முதல். கீழே நாலு புள்ளி இருந்துச்சு. கொள்முதல் திரை எந்தப் புள்ளின்னு யாருக்கும் பிடிபடல. அதனால புள்ளியை எடுத்துட்டு ஐகான் வைக்கிறோம்.

கோட்லின் மொழி, திரையைத் தள்ள வியூபேஜர்2, கீழே ஐகான் பட்டிக்கு மெட்டீரியல் டேப்லேஅவுட், ரெண்டையும் இணைக்க டேப்லேஅவுட்மீடியேட்டர். சிக்கல் மூணு:

1. நீலத் துளி, பச்சைக் கதிர்னு கலர்ல வரைஞ்சதெல்லாம் சாம்பலா வருது. தேர்வான ஒண்ணு மட்டும் ஆப்போட முதன்மை நிறத்துக்கு மாறுது.
2. 32 டிபி (ஆண்ட்ராய்டோட திரை அளவு அலகு) அளவுல வரைஞ்ச கதிர், திரையில சுருங்கித் தெரியுது.
3. என் போன்ல ஓடுது. புதுசா இன்ஸ்டால் பண்ற போன்ல திறந்ததுமே சாயுது, அதாவது தானா மூடிக்குது. லாக்ல இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன், அடாப்டர் (பேஜருக்குத் திரைகளைத் தர்ற பகுதி) இல்லாத வியூபேஜர்ல மீடியேட்டரை அட்டாச் பண்ணிட்டீங்கன்னு சொல்லுது.

வெட்டாறு:
மூணாவதுதான் அவசரம், அதை முதல்ல பாப்போம். அடாப்டரை எந்த இடத்துல வைக்கிறீங்க? அட்டாச் எந்த வரியில இருக்கு? தரவைச் சேமிச்சு வைக்கிறீங்களா?

குடமுருட்டி:
திரை உருவானதும் ஓடுற ஆன்வியூகிரியேட்டட்ல ஒரு லைஃப்சைக்கிள்ஸ்கோப் லாஞ்ச் (கோரூட்டின், அதாவது நடுவுல காத்திருந்து தொடரக்கூடிய வேலை). அதுக்குள்ள சர்வர்ல இருந்து தரவு வாங்கி, வந்ததும் அடாப்டர் வைக்கிறோம். லாஞ்ச் முடியிற அடைப்புக்குக் கீழே அட்டாச். ஒருதடவை வாங்கின தரவு போன்லயே சேமிக்கிற ஷேர்டு பிரிஃபரன்ஸ்ல இருக்கும், அடுத்த முறை அதையே எடுத்துக்கும்.

வெட்டாறு:
அங்கதான் இருக்கு தம்பி. லைஃப்சைக்கிள்ஸ்கோப் மெயின் த்ரெட்லயே உடனடியா ஓட ஆரம்பிக்கும். உங்க போன்ல சேமிச்ச தரவு ஏற்கனவே இருக்கு. எங்கயும் காத்திருக்காம லாஞ்சுக்குள்ள இருக்கிற எல்லா வரியும் ஓடி, அடாப்டரையும் வச்சிட்டுத்தான் அட்டாச் வரிக்கு வருது. புதுப் போன்ல சேமிப்பு காலி. சர்வரைக் கேட்ட இடத்துல கோரூட்டின் நின்னுடும், கட்டுப்பாடு கீழே அட்டாச்சுக்கு வந்துடும். அப்போ அடாப்டர் இல்லை, சாயுது. சிக்னல் நல்லா இருந்தாலும் சாயும், வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. உங்க போன்ல செட்டிங்ஸ் போய் ஆப்போட தரவை அழிச்சிட்டுத் திறந்து பாருங்க, அங்கயும் சாயும்.

அட்டாச்சைத் தூக்கி லாஞ்சுக்குள்ள போட்டாலும் ஓடும், ஆனா அது சரியான தீர்வு இல்லை. தரவு வர்ற வரைக்கும் கீழே ஐகானே இல்லாம வெறும் பட்டியா நிக்கும். திரை எப்பவும் நாலுதான், அந்த எண்ணிக்கைக்குத் தரவு எதுக்கு? ஆன்வியூகிரியேட்டட்ல முதல் வேலையா அடாப்டர், அடுத்த வரியில அட்டாச். தரவை வியூமாடல்ல (திரைக்கான தரவை வச்சிருக்கிற வகுப்பு) வாங்குங்க. ஒவ்வொரு திரையும் தனக்கு வேண்டியதைத் தானே கவனிச்சு எடுத்துக்கட்டும்.

இதெல்லாம் ஃப்ராக்மென்ட்ல (ஆப் திரையோட ஒரு பகுதி) இருக்கிறதால, அதோட வியூ அழியிறப்போ ஓடுற ஆன்டெஸ்ட்ராய்வியூல மீடியேட்டரை டிடாச் பண்ணி, வியூபேஜரோட அடாப்டரையும் நல் ஆக்கிடுங்க. மீடியேட்டரை ஒருதடவை உண்டாக்கி வச்சுக்கிட்டு மறுபடி மறுபடி அட்டாச் கூப்பிட்டா, ஏற்கனவே அட்டாச் ஆயிடுச்சுன்னு அதே எக்செப்ஷன் வேற வாசகத்தோட வரும்.

நிறத்துக்கு: மெட்டீரியல் தீம் டேப் ஐகான் எல்லாத்து மேலயும் தானே ஒரு டின்ட் (ஒரே நிறப் பூச்சு) பூசும். லேஅவுட்ல டேப்ஐகான்டின்ட்டை நல்னு வச்சா பூசாது. அப்பவும் கலர் வரலைன்னா வெக்டர் ஃபைலைத் திறந்து பாருங்க. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோட வெக்டர் அசெட் வழியா எடுத்த படத்துல, மேலேயே டின்ட்னு ஒரு வரி ஒட்டிக்கிட்டு வரும். அதையும் எடுக்கணும்.

அளவுக்கு: டேப்லேஅவுட் தனக்குள்ள வச்சிருக்கிற ஐகான் கட்டம் 24 டிபி. அதைவிடப் பெருசா என்ன கொடுத்தாலும் உள்ளே அடக்கிச் சுருக்கிடும். 32 வேணும்னா கஸ்டம் வியூ போடுங்க: ஒரே ஒரு இமேஜ்வியூ, அகலம் உயரம் 32 டிபி. ஐடி மட்டும் நீங்களா பேர் வைக்காதீங்க, ஆண்ட்ராய்டு சிஸ்டத்தோட ஐகான்ங்கிற ஐடியையே கொடுங்க. அப்பதான் செட்ஐகான்ல தர்ற படத்தை டேப்லேஅவுட் தானே அதுல வைக்கும். படம் கட்டத்துக்குள்ளேயே சின்னதா வரைஞ்சிருக்கான்னும் பாருங்க. 24-க்கு 24 கட்டத்துல சுத்தி 2 விட்டு, 20 வரைக்கும் உருவம் நிறையணும்.

குடமுருட்டி:
அண்ணே, சாயிறது நின்னுடுச்சு. தரவை அழிச்சதும் நீங்க சொன்ன மாதிரியே என் போன்லயும் சாஞ்சுது, அதுக்கப்புறம் இடம் மாத்தினேன். கலரும் வந்துடுச்சு, டின்ட் வரி ரெண்டு ஃபைல்ல இருந்துச்சு. ஆனா இப்ப தேர்வானதும் ஆகாததும் ஒண்ணாவே தெரியுது. நிலைக்கு ஏத்த படத்தைத் தேர்ந்தெடுக்கிற செலக்டர் எழுதியிருக்கேன்: முதல் ஐட்டம் சாதாரணப் படம், ரெண்டாவது ஸ்டேட் செலக்டட், நிறைஞ்ச படம்.

வெட்டாறு:
வரிசையைத் திருப்புங்க. செலக்டரை மேலிருந்து கீழ படிச்சு, பொருந்துற முதல் ஐட்டத்தோட நிறுத்திடும். நிபந்தனையே இல்லாதது எல்லாத்துக்கும் பொருந்தும், அது மேல இருந்தா கீழே உள்ளதுக்கு வாய்ப்பே வராது. செலக்டட் மேலே, சாதாரணம் கடைசி. ஸ்டேட் செக்டுன்னு போட்டாலும் நடக்காது, டேப் மாத்துறது செலக்டடைத்தான்.

அரசலாறு:
வெட்டாறு சொன்னதோட சில விஷயம் சேர்த்துக்கோங்க.

ஐகான் கீழே ஓடுற கோடு வேண்டாம்னா டேப்இண்டிகேட்டர்ஹைட் 0 டிபி. நாலும் புள்ளி மாதிரி நடுவுல கூடி நிக்கணும்னா டேப்மோட் ஃபிக்ஸ்டு, டேப்கிராவிட்டி சென்டர். 32 டிபி படம், ரெண்டு பக்கமும் 12 டிபி பேடிங், ஆக ஒண்ணுக்கு 56, நாலுக்கு 224. 360 டிபி அகலப் போன்ல தாராளமா அடங்கும். இறுக்கமா இருக்கட்டும்னு பேடிங்கைக் குறைச்சு, தொடும் இடத்தை 48 டிபிக்குக் கீழே கொண்டு போயிடாதீங்க. சேத்துக் கையோட தொடுறவங்க இருக்காங்க.

நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். நடவு வயல்ல உச்சி வெயில்ல வெளிர்பச்சையும் சாம்பலும் ஒண்ணுதான். தேர்வாகாதது வெறும் கோட்டுருவம், தேர்வானது உள்ளே நிறைஞ்ச உருவம்னு வைங்க. பின்னணிக்கும் ஐகானுக்கும் வேறுபாடு குறைஞ்சது 3:1 இருக்கணும்.

அணைக்குத் துளி, மழைக்குத் துளியோட மேகம்னா சின்ன அளவுல ரெண்டும் தண்ணிதான். அணைக்கு மதகு ஷட்டர் வரைங்க: ரெண்டு தூண், நடுவுல பலகை, அடியில ஒரு அலை. மழைக்கு மேகம். பயிருக்குக் கதிர். கொள்முதலுக்கு வாய் கட்டின மூட்டை. கொள்முதல் நிலையத்துல 40 கிலோ மூட்டை எல்லாரும் பாக்குறதுதான், ரூபாய்க் குறியைவிட அது சட்டுனு பிடிபடும். ஒவ்வொரு டேபுக்கும் கன்டென்ட்டிஸ்கிரிப்ஷன் தமிழ்ல கொடுங்க. பார்வையில்லாதவங்களுக்குத் திரையை வாசிக்கிற டாக்பேக் அதை வாசிக்கும், விரலை அழுத்திப் பிடிச்சா அதே பேர் எழுத்தாவும் வரும்.

குடமுருட்டி:
மதகு வரைஞ்சாச்சு, நல்லா இருக்கு. ஒரு ஆசை: மேட்டூர் மட்டம் எவ்வளவோ அந்த அளவுக்கு மதகுக்குள்ள தண்ணி நிறைஞ்சு காட்ட முடியுமா? படத்துல ஒரு பங்கை மட்டும் காட்டுற கிளிப் டிராயபிள் வச்சு, மீடியேட்டருக்குள்ள டேப்போட ஐகானுக்கு லெவல் கொடுத்தேன். எப்பவும் காலியாவே இருக்கு.

அரசலாறு:
முடியும். லெவல் 0-லேர்ந்து 10,000 வரைக்கும். 120 அடி முழுசு, 90 அடின்னா 7,500. காலியா நிக்கிறதுக்குக் காரணம் இமேஜ்வியூ. படத்தை வாங்கினதும் தன்கிட்ட இருக்கிற லெவலை அது மேல எழுதிடும், அது 0. நீங்க கொடுத்தது அழிஞ்சுபோச்சு. அட்டாச் முடிஞ்சதும் கஸ்டம் வியூவுக்குள்ள இருக்கிற இமேஜ்வியூவைப் பிடிச்சு, அதுல செட்இமேஜ்லெவல் கூப்பிடுங்க. அடாப்டர்ல நோட்டிஃபை (தரவு மாறிடுச்சுங்கிற அறிவிப்பு) ஏதாவது வந்தா மீடியேட்டர் டேப் எல்லாத்தையும் புதுசாக் கட்டும், லெவல் மறுபடி 0. அதனால மட்டத்தைக் கவனிக்கிற இடத்துலயும் நோட்டிஃபைக்குப் பிறகும் திரும்பக் கொடுங்க. கிளிப்போட திசை செங்குத்து, கிராவிட்டி பாட்டம். இல்லாட்டி தண்ணி இடமிருந்து வலமா நிறையும்.

திரைக்குள்ள அடியையும் டிஎம்சியையும் தனித்தனியா எழுதுங்க. அணை மேலே போகப் போக அகலம், அதனால 90 அடியில இருப்பு, முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியில முக்கால் பங்கு இல்லை, அதைவிடக் குறைவு. ஐகான் காட்டுறது அடிக்கணக்குன்னு அந்தத் திரையில ஒரு வரி இருக்கட்டும்.

வெட்டாறு:
பின்னாடி கம்போஸுக்கு (ஆண்ட்ராய்டோட இன்னொரு திரை வடிவமைப்புக் கருவி) மாத்துற எண்ணம் இருந்தா: ஹரிசான்டல்பேஜர்ல கரன்ட்பேஜ் பாதி தள்ளினதுமே மாறிடும். ஐகானை அதோட கட்டுங்க, விரலோட சேர்ந்து மாறும். சர்வரைக் கேக்கிறதை மட்டும் தள்ளி நின்ன பிறகே மாறுற செட்டில்டுபேஜோட கட்டுங்க, இல்லாட்டி சும்மா தள்ளிப் பாத்துட்டு விட்டாக்கூட அழைப்பு போகும்.

குடமுருட்டி:
தண்ணி ஏறிடுச்சு அண்ணே. நோட்டிஃபைக்குப் பிறகும் நிக்குது. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.