கந்தளாய் வாய்க்கால் கரையை நடைபாதையாக்கினால் என்ன?

சீனக்குடாக்காரன்:
திருகோணமலைக்கு வருகிறவர்களுக்கு நாம் காட்டுவது கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடல், புறாத்தீவு. அதோடு சரி. உள்நாட்டுப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கந்தளாய்க் குளம் 7ஆம் நூற்றாண்டுக் குளம் என்பார்கள். அதற்கு வரும் தண்ணீர் எங்கோ எலகரவில் அம்பன் கங்கையை மறித்துத் திருப்பிய தண்ணீர். மின்னேரியா வழியாகக் கால்வாயில் வந்து சேர்கிறது. குளத்துக்குக் கீழே தம்பலகாமம் வரைக்கும் வயலும் வாய்க்காலும்தான். மேடு பள்ளம் கிடையாது, எழுபது வயதுக்காரரும் மூச்சு வாங்காமல் நடப்பார்.

நான் சில வருடங்கள் இங்கிலாந்தில் இருந்தவன். அங்கே லீட்ஸிலிருந்து லிவர்பூல் வரை 204 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் இருக்கிறது. சரக்குப் படகைக் குதிரை கட்டி இழுத்த பாதை அதன் கரையில் அப்படியே கிடக்கிறது. இன்றைக்கு அதில் ஆட்கள் நடக்கிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், வழியில் தேநீர் குடிக்கிறார்கள். நமக்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு வரைபடம், கிலோமீட்டர் கல், நிழலில் உட்கார இரண்டு மூன்று வாங்கு. ரயில் நேரம் ஒத்துவந்தால் கந்தளாயில் இறங்கி நடந்து தம்பலகாமத்தில் ஏறலாம். என்ன சொல்கிறீர்கள்?

உவர்மலை:
நல்ல யோசனை. கந்தளாய் எருமைத் தயிருக்கே ஆட்களைக் கூட்டி வரலாம்.

தம்பலகாமத்தான்:
தம்பி, நீங்கள் சொன்ன இங்கிலாந்துக் கால்வாய் செத்த கால்வாய். ரயிலும் லொறியும் வந்து சரக்கைப் பிடுங்கிய பிறகு படகுக்கு வேலையில்லாமல் போனது. அதன் பிறகுதான் உல்லாசமாக நடக்க இடம் கிடைத்தது. எங்கள் வாய்க்கால் இன்னும் ஓய்வு எடுக்கவில்லை. மழை குறைந்த சிறுபோக நெற்பயிருக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை மோட்டார் சைக்கிளில் வந்து இன்னாருக்கு இத்தனை மணி என்று திறந்துவிட்டுப் போவார். நான் இரவு டோர்ச்சோடு வரம்பில் நின்று, தண்ணீர் பாயும் வெட்டான வக்கடையில் மண் சாக்கு வைத்துத் தண்ணீரைத் திருப்புவேன். அந்தச் சாக்கை ஒருவன் காலால் தட்டிவிட்டுப் போனால் கீழ்க் காணிக்காரன் என்னோடு சண்டைக்கு வருவான், வந்தவனோடு அல்ல. சுற்றுலாக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை என்கிறார்கள். அதுதான் எங்கள் சிறுபோகம். தண்ணீருக்கு அடிபடுகிற அதே மாதங்கள்.

சீனக்குடாக்காரன்:
அண்ணா, செத்ததைத்தான் எழுப்பினார்கள் என்பது சரி. ஆனால் எழுப்பியது யார் என்று பாருங்கள். 1946இல் கால்வாய்களைக் காப்பாற்ற என்றே அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கென்னட் ஏவன் கால்வாயில் தன்னார்வலர்கள் வருடக்கணக்காக வேலை செய்து 1990இல் மறுபடி திறந்தார்கள். சனங்கள் அந்தக் கரையில் நடந்து பழகியிருந்ததால்தான் மூடாதே என்று நின்றார்கள். நம்ம வாய்க்காலில் குப்பை கொட்டினால் இன்று கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? விவசாயி மட்டும்தான். நாலு பேர் நடந்தால் அந்த நாலு பேரும் கேட்பார்கள்.

தம்பலகாமத்தான்:
நாலு பேர் நடந்தால் நாலு பிஸ்கட் பை விழும். அதைக் கரையில் நின்று பொறுக்குவது நான்தான்.

பழைய ஓவசியர்:
நீர்ப்பாசனத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். குளக்கட்டு வேறு, வாய்க்கால் கரை வேறு, இரண்டையும் குழப்பவேண்டாம். கந்தளாய்க் கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் போனார்கள், வீடுகள் ஆயிரக்கணக்கில் போயின. கட்டின் மேல் பாரமான வாகனங்கள் ஓடியதை அப்போதே குறையாகச் சொன்னார்கள். ஆள் நடந்து மண் அணை உடையாது, அது உண்மை. ஆனால் நிழல் வேண்டும் என்று மரம் நட்டால் உடையலாம். மரம் பட்டுப் போன பிறகு வேர் உக்கி மண்ணுக்குள் குழாய் மாதிரி ஓட்டை விடும். தண்ணீருக்கு அது போதும். கட்டின் சரிவில் புல் மட்டும்தான் இருக்கவேண்டும், அதையும் வெட்டி வைக்கவேண்டும். பற்றை வளர்ந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாது.

நடக்கிறவர்களால் ஒரு நன்மையும் உண்டு. கட்டின் அடியில் ஈரம் கண்டால் தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்று பாருங்கள். தெளிந்த கசிவு பெரும்பாலும் பழைய சங்கதி, கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது, உடனே அறிவிக்கவேண்டும்.

வாய்க்கால் கரையில் நடப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாங்கு நட்டுக் கொங்கிரீட் போடுவதில்தான் ஆட்சேபம். தூர் வாருகிற பெக்கோ இயந்திரம் வந்து நிற்க இடம் வேண்டாமா?

உவர்மலை:
யானையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கந்தளாயில் மாலை நாலு மணிக்குப் பிறகு நடப்பதென்றால் நான் வரமாட்டேன். காலையிலும் வெயில் நன்றாக ஏறின பிறகுதான்.

கிண்ணியா அலை:
ஆம்பிளைகள் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். வாய்க்காலில் இந்த ஊரில் யார் குளிக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? வெயில் சாயும் நேரம் பெண்கள் பிள்ளைகளோடு துவைக்க வருவார்கள். கட்டுக் கல்லில் சவர்க்காரத் துண்டு, பக்கத்தில் வாளி, பாவாடையை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டு இறங்கி நிற்பார்கள். அந்த நேரம் கமராவோடு ஒருவர் கரையில் வந்து நின்றால் அன்றைக்குக் குளியல் கிடையாது. வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாதவர்களுக்கு அதுதான் குளியலறை.

அதேநேரம் எனக்கும் நடக்க ஆசைதான். டொக்டர் சீனிக்கு நடக்கச் சொல்கிறார், எங்கே நடப்பது? கிண்ணியாப் பாலத்தில் நடந்தால் லொறிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. நகரத்தில் இருப்பவர்களுக்குக் கோட்டை இருக்கிறது, மான் பார்த்துக்கொண்டே நடக்கலாம். எங்களுக்கு வாய்க்கால் கரையைத் தவிர ஒன்றும் இல்லை. பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து போனால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. தனியே போனால்தான் கேள்வி.

சீனக்குடாக்காரன்:
அக்கா சொன்னது நியாயம். குளிக்கும் இடம் வந்தால் பாதை கரையை விட்டு வயல் வரம்புக்கு இறங்கட்டும், வரைபடத்தில் அப்படியே போடலாம். படம் எடுப்பதற்குத் தடை என்று எழுதலாம்.

தம்பலகாமத்தான்:
வரம்புக்கு இறங்கட்டுமாம். என் வரம்பா? 😀 நாற்று நிற்கும்போது வரம்பில் ஒருவரை நடக்க விடுவீர்களா?

உவர்மலை:
குளக்கோட்டன் மன்னன் கட்டிய குளத்தைப் பற்றி ஒரு பலகை வைத்தால் வெளிநாட்டவர்களும் வாசிப்பார்கள்.

வழிப்போக்கன்:
குளக்கோட்டனா? அனுராதபுரத்து மன்னன் இரண்டாம் அக்கபோதி கட்டியது. படித்துவிட்டுப் பேசவும்.

உவர்மலை:
கோணேசர் கல்வெட்டு என்ற நூலை நீங்களும் படித்துவிட்டுப் பேசவும்.

பழைய ஓவசியர்:
வந்துவிட்டது! பலகை வைக்க முந்தியே பலகைக்குச் சண்டை. இரண்டு மரபும் இருக்கிறது. சிங்கள வரலாற்று மரபு அக்கபோதியைச் சொல்லும், கோயில் மரபு குளக்கோட்டனைச் சொல்லும். இடையில் சோழர் காலமும் உண்டு, பிற்காலத் தமிழ்க் கல்வெட்டில் கந்தளாய் சதுர்வேதி மங்கலமாக, அதாவது பிராமணர் ஊராக வருகிறது. பொலன்னறுவை மன்னன் நிசங்கமல்லனின் கல்லாசனமும் இந்த ஊரில்தான் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரு பலகையில் எழுதினால் பலகை குளக்கட்டை விட நீளமாகும். எனக்கு அதில் விருப்பமில்லை. பலகையே வேண்டாம் என்பேன்.

சீனக்குடாக்காரன்:
பலகை இல்லாவிட்டால் வந்தவர்களுக்கு இது வெறும் சேற்று வாய்க்கால்தானே, ஐயா. கல்லோடும் மட்டத்தோடும் இத்தனை தூரம் தண்ணீரைச் சரிய விட்ட ஆட்கள் அவர்கள். அதைச் சொல்லாமல் எதைக் காட்டுவது?

பழைய ஓவசியர்:
சொல்வதற்கு ஊர் ஆள் ஒருவர் கூடப் போகட்டும். கையில் தடியும் வாயில் பேச்சும் போதும், அவருக்கு நாள் சம்பளம் கொடுங்கள். கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்குப் போகும் 87 கிலோமீட்டர் பழைய கால்வாயான யோத எலவைப் பாருங்கள், முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம்தான் சரிவு. பழைய கால்வாய்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கரை, மறுபக்கம் தரையே கரை. தண்ணீர் பள்ளத்தில் பரந்து நின்று மண்டியை விட்டுவிட்டுத்தான் ஓடும். இதைப் பலகையில் வாசித்தால் ஒருவருக்கும் புரியாது. கரையில் நிறுத்திக் கையால் காட்டினால் புரியும்.

தம்பலகாமத்தான்:
ஓவசியர் ஐயா சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகள் முன்னால் இதை வையுங்கள். அங்கேதான் எந்தத் திகதிக்குத் தண்ணீர் திறப்பது என்று முடிவாகிறது. இதையும் முடிவாக்கலாம். பெரும்போக வெட்டு முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும் மாதத்தில் மட்டும், ஊர் ஆள் கூட வந்தால் மட்டும், பத்துப் பேருக்கு மேல் இல்லாமல். மற்ற மாதங்களில் கடற்கரையில் படுத்திருக்கட்டும். வாங்கு மட்டும் வேண்டாம். வாங்கு போட்ட இடத்தில் மறுநாளே போத்தல் கிடக்கும்.

சீனக்குடாக்காரன்:
வாங்கை விட்டுவிடுகிறேன். வரைபடத்தை விடமாட்டேன்.

தம்பலகாமத்தான்:
அப்படியானால் தண்ணீர் திறக்கும் கதவான துருசு இருக்கும் இடத்தை மட்டும் குறிக்கவேண்டாம். பெடியள் வெளியூரிலிருந்து அதைத் தேடி வந்து குதிப்பார்கள். கதவு திறந்திருக்கும்போது அந்தச் சுழியில் அகப்பட்டவனை எடுக்க வருவதும் நாங்கள்தான்.