உருகுநிலை அன்று, அவிழ்நிலை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பல்சர்க்கரையோடு (பல சர்க்கரைகள் கோத்த சங்கிலியோடு) பிணையும் புரதத்தின் உறுதிப்பாடு எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் முறைக்கு ‘உருகுநிலை மாற்ற அளவீடு’ என்ற பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. அது ‘melting temperature’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்துப்போகிறதே தவிர, நிகழ்வுக்கு ஒத்துப்போகவில்லை. வெண்ணெய் உருகினால் நீர்மமாகிறது. சூடான கல்லில் ஊற்றிய முட்டை வெள்ளைக்கருவோ வெளுத்து இறுகுகிறது. மடிந்திருந்த புரதச் சங்கிலிகள் வெப்பத்தால் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே அந்த இறுக்கம்.

அளவீட்டிலும் நாம் காண்பது இந்த அவிழ்தலைத்தான். 96 குழிகள் கொண்ட தட்டில் புரதக் கரைசலோடு ஒரு சாயத்தையும் இட்டு, 25 பாகை செல்சியசிலிருந்து 95 வரை சிறிது சிறிதாகச் சூடேற்றும்போது, உள்ளே மறைந்திருந்த நீர்வெறுக்கும் பகுதிகள் வெளிப்பட, சாயம் அவற்றில் ஒட்டி ஒளிர்கிறது. ஒளிர்வு ஏறும் வளைகோட்டின் நடுப்புள்ளிதான் நாம் பெயர் தேடும் வெப்பநிலை. செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதமான ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணியோடு ஹெப்பாரினைச் சேர்த்தால், சல்ஃபேட் நிறைந்த அந்தச் சர்க்கரைச் சங்கிலி புரதத்தின் நேர்மின் பகுதிகளைப் பற்றிக்கொள்வதால், வளைகோடு முழுவதுமே வலப்புறம், அதாவது உயர்ந்த வெப்பநிலையை நோக்கி, தள்ளிப்போகிறது.

ஆகவே கொதிநிலை, உறைநிலை என்ற வழக்கையொட்டி ‘அவிழ்நிலை’ என்று சொல்லலாம். வெந்த சோற்றுப் பருக்கைக்கும் ‘அவிழ்’ என்று பெயர் உண்டு என்பதால், வெப்பத்தின் நினைவு இந்தச் சொல்லில் முன்பே இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவிழ்ந்து கிடக்கும் நிலையோடு இதைக் குழப்பிக்கொள்வார்களோ என்ற ஐயம் நியாயமானதே. அதை ‘அவிழ்ந்த நிலை’ என்று பிரித்து எழுதினால் போதும். இதற்கு வழங்கும் ‘இயல்பிழத்தல்’ (denaturation) என்ற சொல் அமிலத்தாலும் யூரியாவாலும் நேர்வதையும் குறிப்பதால், இங்கே அது அகன்ற சொல்லாகிவிடும்.

வளைகோடு நகர்வதற்கு ‘உறுதி உயர்வு’ என்று பெயரிடும் பரிந்துரையையும் என்னால் ஏற்க இயலவில்லை. பிணையும் பொருள் அவிழ்ந்த சங்கிலியை இன்னும் இறுக்கமாகப் பற்றினால் வளைகோடு இடப்புறமும் போகும். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும் பெயர் அளவீட்டுக்கு ஆகாது. இடப்பெயர்ச்சியில் நமக்குப் பழகிய ‘பெயர்ச்சி’ இரு திசைக்கும் இடம் தருகிறது.

எனவே, ‘அவிழ்நிலைப் பெயர்ச்சி அளவீடு’ என்பது என் முன்மொழிவு. ‘பெயர்ச்சி’யைவிட ‘நகர்வு’ எளிது என்று கருதுவோர் இருந்தால், அதில் எனக்கு மறுப்பில்லை; ‘உருகு’ மட்டும் வேண்டாம்.