காஸ் ஹீற்றர் சுவாலை பிடித்துப் பிடித்து அணைகிறது

வணக்கம். கோண்டாவிலில் எங்கட வீட்டு வெளிச் சுவரில் பூட்டிய காஸ் ஹீற்றர் இது, அம்மம்மாவின் குளிப்புக்கு. 12.5 கிலோ சிலிண்டரில் ஓடுகிறது. இப்போது குழாயைத் திறந்தால் டிக் டிக் என்று பொறி வரும், நீலச் சுவாலை பிடிக்கும், சில விநாடியில் அணைந்துவிடும்.

பற்றரி புதிது, சிலிண்டரும் புதிது. சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன், இணைப்புகளில் கசிவில்லை. தண்ணீர் நுழையும் இடத்து வலையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கு. எங்கட கிணற்றுத் தண்ணீரின் குணம் தெரியும்தானே! கழுவிப் பூட்டியும் அதே கதைதான்.

சுவாலையை உணரும் கம்பியில் கரி படிந்தாலும் இப்படி அணையுமாம். அதை அரத்தாளால் மெல்லத் தேய்க்கலாமா? அல்லது உள்ளே தண்ணீர் அமுக்கத்துக்கு அசையும் றப்பர் தகடு பழுதாகியிருக்குமோ? விற்ற கடையில் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இதைக் கழற்றித் திருத்தத் தெரிந்தவர் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.