நிலைத்த வளர்ச்சிக்கான கல்வி: பள்ளியின் ஓராண்டுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கரும்பலகை:
6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குத் திட்டம் எழுத வேண்டும். வாரம் ஒரு பீரியட்தான் கிடைக்கும், கையில் பணமும் பெரிதாக இல்லை. மரம் நடுவிழா, சுவரொட்டிப் போட்டி, குப்பை, மின்சாரம், தண்ணீர், மட்கு உரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதை வைப்பது, எதை விடுவது? பலன் இருந்தது என்று எப்படிக் காட்டுவது?

அளவுகோல்:
ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். 1994-இல் தொடங்கிய, பல நாட்டுப் பள்ளிகள் பின்பற்றும் ஈக்கோ ஸ்கூல்ஸ் (Eco-Schools) என்ற சுற்றுச்சூழல் கல்வித் திட்டத்தின் ஏழு படிகளில் முதலில் மாணவர் குழு, அடுத்து பள்ளியின் நிலையைக் கணக்கெடுப்பது, செயல்திட்டம் மூன்றாவதுதான். பெரும்பாலான பள்ளிகள் நேராக மூன்றாவதில் குதிப்பதால்தான் சுவரொட்டியோடு நின்றுவிடுகிறது.

என் ஓட்டு தண்ணீருக்கு, காசில்லாமல் அளக்கலாம் என்பதால். பள்ளி விட்டதும் மீட்டரைக் குறியுங்கள், மறுநாள் காலை யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி குறியுங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு. சொட்டும் குழாயின் கீழ் 10 நிமிடம் குவளை வைத்து, சேர்ந்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். 150 மில்லி சேர்ந்தால் நாளுக்கு 21.6 லிட்டர்! கழிப்பறை பிளஷ் தொட்டியில் கொஞ்சம் உணவு நிறமி கலந்து 15 நிமிடம் விடுங்கள். பிளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே வால்வு ஒழுகுகிறது.

பழைய பெரிய பிளஷ் தொட்டிக்குள் நீர் நிரப்பிய 1 லிட்டர் பாட்டிலை வைத்தால் ஒவ்வொரு முறையும் 1 லிட்டர் மிச்சம். ஆனால் வேகம் குறைந்து பிள்ளைகள் இரண்டு முறை அழுத்தினால் மிச்சமெல்லாம் போச்சு. ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாக்பீஸ்:
மேலே சொன்னது சரி. அளவெடுப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேர்வு வாரத்தில் எடுத்த முதல் அளவை, எல்லோரும் வரும் சாதாரண வாரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. 5 பள்ளி நாள் தொடர்ந்து எடுத்து, அன்றன்றைய வருகையால் வகுத்து, 'ஒரு மாணவருக்கு இத்தனை லிட்டர்' என்று எழுதுங்கள். ஆண்டு முடிவில் அதே மாதிரி வாரத்தில் மீண்டும் எடுத்தால், உங்கள் கடைசிக் கேள்விக்கு அதுவே பதில்.

இன்னொன்று: இது வெறும் சுற்றுச்சூழல் பாடம் இல்லை. ஐ.நா. 2015-இல் ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், கல்விக்கான நான்காவதன் கீழ் வரும் 4.7 என்ற குறிக்கோள், மனித உரிமையையும் பாலினச் சமத்துவத்தையும் சேர்த்தே பேசுகிறது. எவ்வளவு வீணாகிறது என்பதோடு யாருக்கு எட்டவில்லை என்றும் பிள்ளைகள் கேட்கட்டும். சின்ன வகுப்புக்குக் குழாய் உயரமா? மாணவிகள் கழிப்பறையில் மதியத்துக்குப் பிறகு நீர் வருகிறதா?

அவர்கள் எடுக்கும் முடிவில் எதையெல்லாம் நிறைவேற்றித் தர முடியும் என்று தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசி வையுங்கள். வாஷர் மாற்றக்கூட அனுமதி கிடைக்காவிட்டால் மூன்றாவது மாதம் குழுவில் ஆளே இருக்காது.

இலைக்குவியல்:
மட்கு உரத்தை எடுப்பதானால்: சமையல் கழிவு ஒரு வாளிக்குக் காய்ந்த இலை இரண்டு மூன்று வாளி. பிழிந்த துணி அளவுக்கு ஈரம். நாறினால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை. காய்ந்த இலை சேர்த்துக் கிளறுங்கள். சூடே ஏறாவிட்டால் குவியல் சின்னது அல்லது வறண்டது. நீண்ட விடுமுறையில் யார் பார்ப்பது என்று முடிவாகாமல் தொடங்க வேண்டாம்.

கரும்பலகை:
தண்ணீரே. ஆனால் எங்களுக்கு மீட்டர் கிடையாது, மேல்நிலைத் தொட்டிதான். என்ன செய்வது?

அளவுகோல்:
தொட்டியே மீட்டர்தான். விட்டம் 1 மீட்டர் உள்ள உருளைத் தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர்; எட்டாம் வகுப்புக்கு நல்ல கணக்கு. தொட்டிமேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பெரியவர் ஒருவர் அளவு குறித்த குச்சியை அடிவரை விட்டு, நனைந்த உயரத்தைப் படித்துச் சொல்லட்டும், கீழே இவர்கள் எழுதிக்கொள்ளட்டும். மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை அளந்தால் கசிவு தெரியும்; இடையில் அன்றிரவு மோட்டாரின் தானியங்கி சுவிட்சை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கசிந்ததை அதுவே நிரப்பிவிட்டுக் காலையில் ஒன்றும் தெரியாதபடி செய்துவிடும்.