மதுரை கே.கே.நகரில் சொந்த சர்வர் ரூமா, சென்னையில் ரேக் வாடகையா?

மாடி_சர்வர் கேட்டது:

வணக்கம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, இரண்டு பள்ளி, ஒரு கல்யாண மண்டபத்தின் முன்பதிவு என்று 40 தளங்கள், மொத்தம் 400 ஜிபி, இப்போது வெளிநாட்டு விபிஎஸ்களில் (வாடகை மெய்நிகர் சர்வர்களில்) ஓடுகின்றன. அவற்றை இங்கேயே கொண்டுவரலாமா என்று யோசனை. இடம் மதுரை கே.கே.நகர், முதல் மாடியில் 10க்கு 12 அடி அறை, அதற்கு மேலே மொட்டை மாடிதான். 2யு (ரேக் என்ற சர்வர் அலமாரியில் இரண்டு தட்டு உயரம்) சர்வர் ஐந்து, ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி), சுவிட்ச், ரவுட்டர். மீட்டர் வைத்துப் பார்த்ததில் எல்லாம் சேர்த்து 1,800 வாட். த்ரீ ஃபேஸ் இருக்கிறது. 6 கேவிஏ யூபிஎஸ் ஒன்று, 1.5 டன் ஏசி ஒன்று, 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் (நமக்கென்று தனியாக ஒதுக்கும் இணைப்பு) ஒன்று, அது போனால் வீட்டு ஃபைபர் இணைப்பு என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. 99.9 சதவீத நேரம் நிற்காமல் ஓடும், நிச்சயம் என்கிறார்கள். மே மாதம் பள்ளி ரிசல்ட் நேரத்தில் தளம் படுத்துவிடக் கூடாது. இந்த ஏற்பாடு தாங்குமா, இல்லை சென்னை டேட்டா சென்டரில் ரேக் வாடகைக்கு எடுப்பதே நல்லதா?

வோல்ட்டு_வாத்தியார்:

எல்லாமே ஒன்றே ஒன்றாக இருக்கும் கொட்டேஷனில் 99.9 வராது. 99.9 என்றால் வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் நிற்கலாம். பராமரிப்புக்கென்று முன்கூட்டியே அறிவித்து மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 5 மணிக்குக் கொடுத்தால், அந்த ஒரே நாளில் வருடக் கணக்கு ஏறக்குறைய தீர்ந்தது. ஜெனரேட்டர் இல்லாமல் பேச்சே இல்லை. அதைத்தான் கொட்டேஷனில் காணோம்.

6 கேவிஏ ஒன்றுக்குப் பதிலாக 3 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் இரண்டு வாங்குங்கள். சர்வரின் ஒரு பவர் சப்ளை ஏ யூபிஎஸ்ஸில், மற்றது பி யூபிஎஸ்ஸில். பவர் ஃபேக்டர் 0.9 என்றால் ஒவ்வொன்றும் 2,700 வாட் தரும். ஒன்று செத்தாலும் மற்றது 1,800ஐத் தனியாகச் சுமக்கும். சாதாரண நாளில் இரண்டிலும் 900, 900 என்றுதான் காட்டும். "பாதிகூட ஓடவில்லையே" என்று யாராவது சர்வரைச் சொருகிக்கொண்டே போய் மொத்தம் 2,700ஐத் தாண்டிவிட்டால், ஒன்று விழும் அன்றைக்கு மற்றதும் ஓவர்லோடில் விழும். ஒற்றைச் சப்ளை உள்ள நாஸ், சுவிட்சுக்கு ரேக்கில் வைக்கும் சின்ன ஏடிஎஸ் (ஒரு யூபிஎஸ் போனால் மற்றதுக்குத் தானே மாற்றும் சுவிட்ச்) ஒன்று போடுங்கள். இரண்டு பவர் சப்ளையையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுவது அடிக்கடி கண்ணில் படும் கூத்து.

இரண்டு யூபிஎஸ்ஸுக்கும் வெவ்வேறு ஃபேஸ் கொடுங்கள். ஒரு ஃபேஸ் மட்டும் போவது நம் பக்கம் சகஜம். ஜெனரேட்டரின் ஏஎம்எஃப் பேனல் (கரண்ட் போனால் அதைத் தானே ஸ்டார்ட் செய்வது) ஒரே ஃபேஸை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால், மற்ற ஃபேஸ் போனபோது எழும்பவே எழும்பாது, பேட்டரி தீர்ந்தபிறகுதான் உங்களுக்குத் தெரியும். மூன்றையும் பார்க்கும் ரிலே கேட்டு வாங்குங்கள், ஓவர் வோல்டேஜும் அதிலேயே இருக்கட்டும்: நியூட்ரல் விட்டுப்போனால் 230 இருக்கவேண்டிய இடத்தில் 400க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

பேட்டரி: 96 வோல்ட் யூபிஎஸ் என்றால் 12 வோல்ட் 42 ஏஹெச் எட்டு. 8 × 12 × 42 = 4,032 வாட் மணி. இன்வெர்ட்டர் நஷ்டத்துக்கு 0.9, வேகமாக இழுப்பதற்கு 0.7 பெருக்கினால் கைக்கு வருவது சுமார் 2,540. முழுச் சுமையும் ஒரே யூபிஎஸ்ஸில் விழுந்தாலும் 1 மணி 25 நிமிடம் ஓடும். ஆனால் இது புது பேட்டரிக் கணக்கு. இந்த வகை சீல்டு பேட்டரிக்கு 25 டிகிரிதான் கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். மாடிப்படிக்கு அடியில் 35 டிகிரியில் வைத்தால் நான்கு வருடத்துப் பேட்டரி இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். எட்டில் ஒன்று கெட்டால் அந்த வரிசையே போச்சு, அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் வோல்டேஜையும் சுமையோடு அளந்து எழுதி வையுங்கள்.

ஏசியில் 1.5 டன் அளவு போதும், எண்ணிக்கைதான் போதாது. 1,800 வாட்டும் யூபிஎஸ் நஷ்டமும் சேர்ந்து 2,000 வாட் சூடு. ஒரு டன் என்பது 3,500 வாட். காகிதத்தில் முக்கால் டன்கூட வேண்டாம். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தளம் கொதிக்கும், அவுட்டோர் யூனிட்டும் மேற்கு வெயிலில் நிற்கும். வீட்டு ஏசி 24 மணி நேரமும் ஓடச் செய்ததும் இல்லை. 1.5 டன் இரண்டு போட்டு 12 மணிக்கு ஒருமுறை மாற்றி ஓட்டுங்கள், 28 டிகிரி தாண்டினால் இரண்டும் ஓடட்டும். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும் மாடல்தானா என்று கடையிலேயே ஆஃப் செய்து பாருங்கள். இன்டோர் யூனிட்டை ரேக்குக்கு நேர் மேலே மாட்டவே கூடாது. டிரெய்ன் குழாய் அடைத்தால் தண்ணீர் சர்வர் தலையில்தான் சொட்டும். சூட்டை அறை நடுவில் அளக்காதீர்கள், சர்வர் காற்று இழுக்கும் முகப்பில் 18 முதல் 27 வரை இருக்க வேண்டும்.

சர்வர், இரண்டு ஏசி, பேட்டரி சார்ஜ் எல்லாம் சேர்த்து 6 கிலோவாட் வரும். 15 கேவிஏ ஜெனரேட்டர் சரியாக இருக்கும். டீசல் மணிக்கு 2 முதல் 3 லிட்டர். ஷட்டவுன் நாளுக்கு 25 லிட்டர் கையிருப்பு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாததற்கு முதல் காரணம் டீசல் அல்ல, அதன் ஸ்டார்ட்டர் பேட்டரி. மாதம் ஒருமுறை மெயினை இறக்கி நிஜச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா ஓட்டினால் எரியாத டீசல் சைலன்சரில் படியும்.

எர்த் குழி தனியாக இரண்டு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஐப்பசி மழையில் அளந்த அளவை நம்ப வேண்டாம், மண் காய்ந்த சித்திரையில் அளந்து பாருங்கள்.

பாக்கெட்_பயணி:

வாத்தியார் கரண்ட் கணக்கு சரிதான். அம்புட்டும் செலவழிச்சு முடிச்ச பிறகு நெட்வொர்க்குல மாட்டுவீங்க.

லீஸ்டு லைனும் வீட்டு ஃபைபரும் பில்லுலதான் ரெண்டு. தெருமுனைக் கம்பத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் தொங்கும். உயரமா சரக்கு ஏத்தின லாரி ஒண்ணு இழுத்துட்டுப் போனா ரெண்டும் சேர்ந்து அறும். ரெண்டு கம்பெனிகிட்டயும் உங்க கட்டடத்துலேருந்து அவங்க எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் ரூட் மேப் கேளுங்க. தர மாட்டேன்னா ஒரே பாதைன்னு வச்சுக்கங்க. ஒண்ணு தரைக்கடியில, ஒண்ணு மாடியில ரேடியோன்னு வந்தாத்தான் உண்மையில ரெண்டு.

அப்பவும் ஐபி பிரச்சினை தீராது. லைன் மாறினா ஐபியும் மாறும். வீட்டு இணைப்பு பெரும்பாலும் சிஜிநாட்டுக்கு (பல வீட்டுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி) பின்னாடி இருக்கும், வெளியிலேருந்து யாரும் உள்ளே வரவே முடியாது. மெயிலுக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் (ஐபியிலேருந்து பேரைக் காட்டுற பதிவு) கிடைக்காது. ஐபி மாறாம இருக்கணும்னா ஐரின்கிட்ட (இந்தியாவுல ஐபி முகவரி ஒதுக்குற அமைப்பு) சொந்த ஏஎஸ் நம்பரும் (நம்ம நெட்வொர்க்குக்கான அடையாள எண்) குறைஞ்சது /24, அதாவது 256 முகவரியும் வாங்கி, ரெண்டு கம்பெனியோடயும் பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒண்ணுக்கொண்ணு பாதை சொல்லிக்கிற முறை) பேசணும். 40 தளத்துக்கு அது ரொம்ப அதிகம். இன்னொண்ணு, சர்வர் ஊருக்குள்ள இருந்தா வேகம்னு நம்பாதீங்க. வேற கம்பெனி இணைப்புல சிம்மக்கல்லேருந்து ஒருத்தர் திறந்தா பாக்கெட் பெரும்பாலும் சென்னைக்குப் போய்த்தான் கே.கே.நகர் திரும்பும். டிரேஸ்ரூட் (பாக்கெட் போற வழியைக் காட்டுற கட்டளை) போட்டாத் தெரிஞ்சுரும்.

என் கணக்குல சென்னையில கால் ரேக் போதும், ஆனா பழைய 2யு ஐந்தையும் அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க. அங்க இடத்தைவிட மின்சாரத்துக்கான கேவிஏதான் விலை. புது சர்வர் ரெண்டுல 40 தளமும் அடங்கும்.

அங்க கேக்க வேண்டியது: டியர் 3ன்னு (டேட்டா சென்டர் எவ்வளவு தாங்கும்ங்கிற தர வகை) சொன்னா அது டிசைன் சான்றிதழா, கட்டி முடிச்ச இடத்துக்கான சான்றிதழா? ரெண்டும் வேற வேற, முதல்ல சொன்னது வரைபடத்துக்கு மட்டும். ஏ, பி ஃபீடு ரெண்டும் வேற யூபிஎஸ்லேருந்து வருதா? ரேக் எத்தனாவது மாடின்னு கேக்காதீங்க. ஜெனரேட்டரும் டீசல் டேங்க்கும் பம்ப்பும் எந்த மட்டத்துல இருக்குன்னு கேளுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் சென்னையில அதைக் கேக்காம கையெழுத்துப் போடக் கூடாது. எஸ்எல்ஏவுல (சேவை ஒப்பந்தத்துல) அறிவிச்ச பராமரிப்பு நேரம் கணக்குல சேராது, நின்னாலும் வாடகையில கொஞ்சம் கழிப்பாங்க, அவ்வளவுதான். பேண்ட்விட்த்துக்கு 95வது பர்சன்டைல் பில்லிங் கேட்டு வாங்குங்க. மாசத்துல உச்சமா போன 36 மணி நேரம் கணக்குல வராது, ரிசல்ட் நாள் கூட்டம் அதுக்குள்ள அடங்கிரும்.

மாடி_சர்வர்:

தெளிவாகிவிட்டது, சென்னையே. அப்படியானால் கே.கே.நகர் அறையைச் சும்மா விடுவதா? நாஸ் இருக்கிறது. ரேக்கிலும் ரெய்டு (ஒரு டிஸ்க் கெட்டாலும் தாங்கும்படி பல டிஸ்க்கில் எழுதுவது) இருக்கப் போகிறது, அங்கேயே பேக்கப் சேவையும் தருகிறார்களாம்.

மூணாம்_நகல்:

அங்கேயே தரும் பேக்கப்பை முதல் நகலாக மட்டும் வையுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 கட்டடம் முழுதும் எரிந்தது. தளமும் அதன் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களில் பலருக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. ரெய்டு என்பது டிஸ்க் கெடுவதைத் தாங்க மட்டும். யாராவது தப்பாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழியும்.

கே.கே.நகர் நாஸுக்குச் சரியான வேலை இதுதான். அதற்கு 1 கேவிஏ யூபிஎஸ்ஸும் ஒரு ஃபேனும் போதும், ஜெனரேட்டர் வேண்டாம், ஒரு நாள் நின்றாலும் பாதகமில்லை. ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருள் வைத்து இரவில் எடுங்கள். சென்னை சர்வர் இங்கே எழுதுவதைவிட, இங்கிருந்து நாஸ் போய் இழுத்துக்கொள்வது நல்லது. சர்வருக்குள் புகுந்தவன் கையில் நாஸின் சாவி இருக்காது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் வரும். டம்ப் (டேட்டாபேஸின் ஏற்றுமதிக் கோப்பு) எடுங்கள், சிங்கிள் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷனோடு. இனோடிபி வகை டேபிள்களுக்குத்தான் அது வேலை செய்யும், பழைய மைஐஎஸ்ஏஎம் இருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள்.

பலர் கணக்குப் போடாதது திரும்ப ஏற்றும் நேரம். 400 ஜிபியை 100 எம்பிபிஎஸ்ஸில் இறக்க 9 மணி நேரம். இங்கிருந்து மேலே ஏற்றும் வேகம் 50 என்றால் 18 மணி நேரம். அதற்கு ஹார்ட் டிஸ்க்கோடு ஒருவர் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் சென்னை! அதனால் பள்ளி, மண்டபம் போன்ற அவசரத் தளங்களைத் தனி பேக்கப்பாக வையுங்கள், அவை மட்டும் 30 ஜிபிக்குள் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தளத்தையாவது வெற்று விபிஎஸ்ஸில் ஏற்றித் திறந்து பார்க்க வேண்டும்.

தளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை ரேக்கில் வைக்காதீர்கள். இடம் மாற்றும்போது கைகொடுப்பது அதுதான். டிடிஎல் (பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடி வைத்தால் போதும். கண்காணிப்பு நிரலும் ரேக்குக்கு வெளியே, இந்த அறையிலிருந்தே ஓடட்டும். தளம் திறக்கிறதா என்பதோடு எஸ்எஸ்எல் சான்றிதழ், டொமைன் காலாவதித் தேதிகளையும் அதில் சேருங்கள்.

வோல்ட்டு_வாத்தியார்:

நாஸ் அறைக்கு ஒரு திருத்தம்: இடி மின்னல் காலத்தில் மாடி ஆன்டெனாவிலிருந்து காப்பர் நெட்வொர்க் கேபிள் நேராக ரேக்குக்கு வந்தால் சுவிட்ச் போர்ட் முதலில் போகும். நடுவில் மீடியா கன்வெர்ட்டர் போட்டுக் கடைசி சில மீட்டரை ஃபைபராக்குங்கள். தீயணைப்பானில் ஏபிசி பவுடர் வேண்டாம், அந்தத் தூள் போர்டுகளை அரித்துவிடும். 2 கிலோ சிஓ2 மாட்டுங்கள்.

பாக்கெட்_பயணி:

ஹோஸ்டிங் தர்றீங்கன்னா செர்ட்-இன் (மத்திய அரசோட இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 உத்தரவு உங்களுக்கும்தான். லாக் 180 நாள் வைக்கணும், ஹேக் மாதிரி சம்பவம் தெரிஞ்சா 6 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். 40 தளத்து லாக்கை அழுத்தி வச்சா அந்த நாஸ்ல தாராளமா கொள்ளும். டேட்டா பேக்கப்போட கலக்காம தனி வால்யூம் ஒதுக்குங்க, இல்லன்னா லாக் நிரம்பி ராத்திரி பேக்கப் நின்னுரும்.