ஏழு லட்சத்தில் முதல் ஃபோர்வீல் டிரைவ்: ஜிப்ஸியா, பழைய தாரா?

காப்பித்தோட்டம்:
கொடைக்கானல் மலைப்பக்கம் தாண்டிக்குடிக்குக் கீழே மூன்று ஏக்கர் காப்பி, ஊடே மிளகு. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குக் கடைசி இரண்டரை கிலோமீட்டர் மண்பாதை. கோடையில் ஆல்டோவே போய்விடும். ஐப்பசி மழை பிடித்தால் அந்தச் செம்மண் சோப்பு மாதிரி; வாடகை ஜீப்தான் கதி. நாலு சக்கரத்தையும் இன்ஜின் சுற்றும் ஃபோர்வீல் வண்டி, டயர், மற்ற சாமான் எல்லாம் சேர்த்து ஏழு லட்சம். பார்த்து வைத்தது இரண்டு: 2012 மாருதி ஜிப்ஸி, கேட்பது நாலேகால். 2014 மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. (டீசல்), கேட்பது ஆறரை. வாரம் ஒருமுறை மதுரையிலிருந்து போய்வருவேன். எதை எடுக்கலாம்?

ஜிப்ஸிக்காரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஜிப்ஸி ஒரு டன்னைச் சுற்றித்தான் எடை. சேற்றில் எடை குறைந்த வண்டிதான் ராஜா, புதையவும் புதையாது, தள்ளி எடுப்பதும் சுலபம். அப்புறம் கணக்கு. ஜிப்ஸி எடுத்தால் கையில் இரண்டே முக்கால் லட்சம் மிச்சம். தார் எடுத்தால் ஐம்பதாயிரம். ரோடு, மண் இரண்டுக்குமான நல்ல ஏ.டி. டயர் அஞ்சு போட்டாலே அது காலி.

டீசல் மதுரை:
காலி வண்டிக் கணக்கைச் சொல்கிறீர்கள் சகோ. அவர் உர மூட்டை ஏற்றுவார், காப்பி மூட்டை இறக்குவார். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் பெட்ரோலில் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை) 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 ஆர்.பி.எம்மில். தார் 247, டீசல் என்பதால் குறைந்த ஆர்.பி.எம்மிலேயே கிடைக்கும். மூட்டையோடு ஏற்றத்தில் ஜிப்ஸியை அலற விட்டுத்தான் ஏற்றணும். பவர் ஸ்டீயரிங் கிடையாது, நாலு பக்கமும் லாரி மாதிரி லீஃப் ஸ்பிரிங். வாராவாரம் மதுரை, வத்தலக்குண்டு, மலை என்றால் இடுப்பையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். உற்பத்தியும் நின்றுவிட்டது.

ரெண்டுவீல் போதும்:
நான் வேறு கட்சி. வருஷத்தில் இரண்டு மாசச் சேற்றுக்கு எதற்கு ஃபோர்வீல்? சாதாரண டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) உள்ள ஃபோர்வீலில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூலைக்கு மூலை சக்கரம் பிடிமானம் இழந்தால், அந்த இரண்டு மட்டும் சுற்றும், வண்டி நகராது. மஹிந்திரா பொலேரோ நியோ என்10 (ஓ) பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ரியர்வீல்தான், ஆனால் பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கிங் டிஃபரன்ஷியல் உண்டு. பழைய வண்டியே பட்ஜெட்டுக்கு மேலே போகும், பேசிப் பார்க்கலாம். இன்னொன்று, மோசமான வளைவில் மட்டும் சக்கரம் ஓட இரண்டு வரி கான்கிரீட் போட்டுவிடுங்கள். வண்டி பழசாகும், தடம் இருக்கும்.

ஜிப்ஸிக்காரன்:
கான்கிரீட் யோசனை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். அந்த லாக்கிங் டிஃபரன்ஷியல் வேறு விஷயம். பாதை பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால், லாக் ஆன பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து சுற்றி வாலைப் பள்ளத்துக்கு இழுக்கும். எல்லோரும் ஏறுவதையே பேசுகிறீர்கள். பயம் இறங்கும்போதுதான். ஃபோர்வீலில் மெதுவாகப் போவதற்கென்று உள்ள லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டுக் காலை எடுத்துவிட்டால் இன்ஜின் நாலு சக்கரத்தையும் பிடித்து வைக்கும். ரெண்டுவீலில் அந்தப் பிடிப்பு பின்னால் மட்டும்தான். பிரேக்கைத் தொட்டால் வழுக்கும்.

ரெண்டுவீல் போதும்:
சரி, இறக்கத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். மழை விட்டு மண் இறுகும்வரை காத்திருக்க முடியாதா என்ன?

காப்பித்தோட்டம்:
முடியாது சார். அரபிக்கா நவம்பரில்தான் பழுக்கும், அப்போதுதான் மழையும். பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்கும் பல்பர் மெஷினுக்குக் கொண்டுபோகணும், வைத்தால் புளித்துவிடும்.

டீசல் மதுரை:
அப்படியானால் ஃபோர்வீல்தான். தனியாகப் போகிறவர் என்பதால், சிக்கிய வண்டியைக் கயிறு சுருட்டி இழுக்கும் வின்ச் ஒன்றும் போடுங்கள். நீண்டு சுருங்கி இழுக்கும் கைனெட்டிக் கயிறு வாங்கினால் இழுக்க இன்னொரு வண்டி வேண்டுமே. தோட்டத்தில் சில்வர் ஓக் இருக்கும், பட்டையான ஸ்ட்ராப்பால் அடிமரத்தில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

ஜிப்ஸிக்காரன்:
எலெக்ட்ரிக் வின்ச் வேண்டாம். எடை முன்னால் ஏறும், பேட்டரி, ஆல்டர்னேட்டர் என்று செலவு நீளும். கையால் இழுக்கும் சங்கிலி வின்ச் பின்னால் கிடந்தால் போதும், மெதுவாக இழுக்கும், அவ்வளவுதான். முதல் செலவு டயர், இரண்டாவது டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் கம்ப்ரசர். சேற்றில் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் அகலமாகப் படியும். தார் ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் நிரப்பணும். கொழுவி இழுக்க சேசிஸில் போல்ட் பண்ணிய ஹூக் வேண்டும். பம்பரிலோ டிரெய்லர் மாட்டும் டோ பாலிலோ கொழுவாதீர்கள், பிய்த்துக்கொண்டு வந்தால் ஆளைக் கொல்லும்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், கூரை விளக்குக் காசையெல்லாம் சர்வீசுக்கு வையுங்கள். வண்டி முகப்பில் மாட்டும் இரும்புக் கம்பி, புல் பார் (bull bar), 2017 டிசம்பரிலேயே தடை. ஆர்.சி.யில் உள்ள கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பழைய ஓனர் ஏதாவது மாற்றி வைத்திருந்தால் எஃப்.சி.க்குப் போய் நிற்கப்போவது நீங்கள்.

காப்பித்தோட்டம்:
ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்கணும்?

டீசல் மதுரை:
ஆர்.சி.யை முதலில். ஜிப்ஸிக்கு 2027இல் பதினைந்து வருஷம் முடிகிறது, ரெனியூவல், பசுமை வரி எல்லாம் வரும், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

ஜிப்ஸிக்காரன்:
அதே கதை தாருக்கு 2029இல், ஐயா. எந்த வண்டியானாலும் கீழே படுத்துச் சேசிஸை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கணும், சத்தம் மங்கினால் துரு. டிஃபரன்ஷியல் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. லோ ரேஞ்ச் போட்டு ஓட்டிப் பார்ப்பது மண்தரையில் மட்டும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டுத் திருப்பினால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

ரெண்டுவீல் போதும்:
இரண்டிலுமே ஏர்பேக் இல்லை என்று யாருமே சொல்லவில்லையே. வாராவாரம் ஹைவேயில் போகிறவர் அவர்.

காப்பித்தோட்டம்:
அது உறுத்தத்தான் செய்கிறது. தார் அஞ்சே முக்காலுக்கு இறங்கினால் எடுத்துவிடுவேன், இல்லையென்றால் ஜிப்ஸி. ஹைவேக்கு ஆல்டோவை விற்காமல் வைத்துக்கொண்டு, ஃபோர்வீலை வத்தலக்குண்டில் மாமா வீட்டில் நிறுத்தலாமா என்றும் ஓடுகிறது.