பெட்டியில் ஒட்டிய மூன்று எழுத்து

முதல் வெளிநாட்டுப் பயணம் என்றதும் எனக்கிருந்த பயமெல்லாம் இமிகிரேஷன் கேள்விகளைப் பற்றித்தான். எதற்காக வருகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தக் கேள்விகள் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டன. என்னைப் படாத பாடு படுத்தியது நடுவில் இரண்டு இடத்தில் விமானம் மாறியதுதான். முதல் முறை போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மொத்தம் மூன்று விமானம். முதலில் வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்று, அங்கிருந்து அமெரிக்காவில் ஒரு பெருநகரம், பிறகு உள்நாட்டு விமானத்தில் நான் போக வேண்டிய ஊர். முதல் இடத்தில் மாறுவதற்கு 1 மணி 50 நிமிடம், இரண்டாவது இடத்தில் 2 மணி 15 நிமிடம். டிக்கெட் எடுக்கும்போது தாராளமாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாறும் நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரே டிக்கெட்டாக விற்கும்போது இடைவெளி அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் விமானம் நேரத்துக்கு வந்து, வழியில் எங்கும் வரிசை தேங்காமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். எனக்கு முதல் விமானமே 50 நிமிடம் தாமதம்.

பக்கத்து இருக்கையில் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா. மகளின் பிரசவத்துக்காக ஐரோப்பாவுக்குத் தனியாகப் போகிறார். அவருக்கும் இதுதான் முதல் பயணம். பாஸ்போர்ட், விசா நகல், மகளின் முகவரி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கி மடியிலேயே வைத்திருந்தார். இறங்கும் நேரத்தில், "தம்பி, பெட்டி அங்க தானா வந்துடுமா, நாம எடுக்கணுமா?" என்று கேட்டார். "அதெல்லாம் தானா வந்துடும்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்து சொல்லவில்லை, தைரியம் கொடுக்கலாம் என்று சொன்னது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

இறங்கியதும் பாதை இரண்டாகப் பிரியும். அந்த ஊருக்குள் போகிறவர்களுக்கு ஒரு பக்கம், வேறு விமானம் பிடிக்கிறவர்களுக்கு இன்னொரு பக்கம். டிரான்ஸ்ஃபர் அல்லது கனெக்‌ஷன் என்று எழுதியிருக்கும் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். லண்டன் ஹீத்ரோவில் இந்தப் பலகைகள் ஊதா நிறத்தில் இருக்கும், அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும். கூட்டம் போகிற பக்கம் போனால் சிக்கல், ஏனென்றால் கூட்டத்தில் பாதிப் பேர் வெளியே போகிறவர்களாக இருப்பார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் திரும்பினார், கூப்பிட்டு நிறுத்தினேன்.

டிரான்ஸ்ஃபர் பக்கம் போனாலும் உடனே விமானம் ஏறும் கேட்டுக்குப் போய்விட முடியாது. மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை. ஊரிலேயே சோதனை முடிந்ததே என்று நான் நினைத்திருந்தேன். விமானத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டில் பையில் இருந்தது, எடுத்துப் போடச் சொன்னார்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி பெரும்பாலான இடங்களில் டிரான்சிட்டிலும் உண்டு. வரிசையில் மட்டும் 20 நிமிடம் போயிற்று.

அம்மாவின் கையில் அடுத்த விமானத்துக்கான போர்டிங் பாஸ் இல்லை. அதனால் டிரான்ஸ்ஃபர் டெஸ்க்குக்குக் கூட்டிப்போனேன். என் அடுத்த விமானத்துக்கு அப்போது 38 நிமிடம் இருந்தது. டெஸ்க்கில் இருந்த பெண் அம்மாவின் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, பெட்டிக்கான டேக் துண்டு எங்கே என்று கேட்டார். பெட்டியின் கைப்பிடியில் நீளமாக ஒரு பட்டை சுற்றி ஒட்டுவார்கள் இல்லையா, அதிலிருந்து ஒரு சின்னத் துண்டைக் கிழித்து நமக்குத் தருவார்கள். பார்கோடு, பத்து இலக்க எண், பக்கத்தில் ஊரின் மூன்று எழுத்துக் குறியீடு. அம்மாவின் துண்டு அந்த உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதிலிருந்த மூன்று எழுத்து மகளின் ஊருக்கானது அல்ல, நாங்கள் நின்றுகொண்டிருந்த அதே நிலையத்துக்கானது.

விஷயம் இதுதான். முதல் டிக்கெட் மகன் எடுத்தது. இரண்டாவது டிக்கெட்டை மருமகன் அங்கிருந்து எடுத்திருக்கிறார், வேறு நிறுவனத்தில். இரண்டுக்கும் தனித்தனி பி.என்.ஆர், அதாவது தனித்தனி முன்பதிவு எண். முதல் விமானக்காரர்களைப் பொறுத்தவரை அம்மாவின் பயணம் இங்கேயே முடிந்துவிட்டது. பெட்டி வெளியே பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை எடுக்க வேண்டுமானால் இமிகிரேஷன் தாண்டி அந்த நாட்டுக்குள் போக வேண்டும், அம்மாவிடம் அந்த நாட்டு விசா இல்லை. பணம் மிச்சமாகிறதே என்று நல்ல மனதோடு இரண்டு பேர் செய்த காரியம், கடைசியில் அதன் பாரம் தனியாக வந்த அந்த அம்மாவின் தலையில்.

அம்மா அழவில்லை. "பாப்பாவுக்குத் துணியெல்லாம் அதுலதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். டெஸ்க்கில் இருந்த பெண் நல்ல மனசுக்காரர். டேக் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு இடத்துக்குப் போன் செய்தார். பெட்டியை உள்ளே இருந்தபடியே எடுத்து, புது டேக் போட்டு, அடுத்த விமானத்தில் ஏற்றச் சொல்கிறேன், அம்மாவுக்கு நான்கு மணி நேரம் இருக்கிறது, முடியும் என்றார். எல்லா இடத்திலும் இப்படிச் செய்வார்கள் என்று நம்பிப் போக முடியாது. இரண்டு நிறுவனங்களுக்குள் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அந்த நிலையத்தில் அதற்கு ஏற்பாடும் இருக்க வேண்டும். என் போன் எண்ணை அம்மாவின் உறையில் எழுதி வைத்துவிட்டு ஓடினேன். ஓடும்போதே என் டேக் துண்டை எடுத்துப் பார்த்தேன். அதில் நான் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய ஊரின் எழுத்துகள். அப்பாடா என்றிருந்தது.

கேட்டுக்குப் போக உள்ளே ரயில் ஏற வேண்டியிருந்தது. பெரிய நிலையங்களில் இது சகஜம். சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3 டெர்மினல்களுக்கு நடுவே ரயில் ஓடும், 4-க்கு மட்டும் பஸ். ஆகவே கேட் எண்ணைப் பார்த்ததும் அது எந்தக் கட்டடம் என்றும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. போர்டிங் பாஸில் அச்சடித்த கேட் எண் பழையது, மாற்றியிருந்தார்கள். நல்ல வேளை, திரையைப் பார்த்தேன். திரையில் ஊர் பெயரைத் தேடாமல் விமான எண்ணைத் தேட வேண்டும். ஒரே ஊருக்கு ஒரே மணி நேரத்தில் மூன்று விமானம் இருக்கலாம். ஒரே விமானத்துக்கு மூன்று நிறுவனத்தின் எண்களும் மாறி மாறி வரலாம். அமெரிக்கா போகிற விமானம் என்பதால் கேட் வாசலில் இன்னொரு சோதனை வேறு. டிக்கெட்டில் இருப்பது விமானம் கிளம்பும் நேரம், கேட்டை அதற்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். நான் உள்ளே போகும்போது எனக்குப் பின்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

இரண்டாவது மாற்றம் வேறு விதம். டேக்கில் என் ஊர் எழுத்து இருக்கிறது, பெட்டி தானாகப் போய்விடும் என்ற நிம்மதியில் விமானத்தில் நன்றாகத் தூங்கிவிட்டேன். இறங்குவதற்கு முன் அறிவிப்பு செய்திருப்பார்கள், நான் கவனிக்கவில்லை. இமிகிரேஷன் வரிசை 1 மணி 10 நிமிடம். முடிந்ததும் பெல்ட்டுகளைத் தாண்டி வேகமாக நடந்தேன். சீருடையில் ஒரு பெரியவர் கையைக் குறுக்கே நீட்டி, இன்னொரு விமானம் இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் பெட்டி எங்கே என்று பெல்ட்டைக் காட்டினார்.

அமெரிக்காவுக்குள் போகிறவர்கள் பொதுவாக முதலில் இறங்கும் நிலையத்திலேயே பெட்டியை எடுத்தாக வேண்டும். டேக்கில் கடைசி ஊர் போட்டிருந்தாலும் இதுதான் விதி. பெட்டியோடு கஸ்டம்ஸ் தாண்டி, வெளியே வந்ததும் இருக்கும் இடத்தில் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மறுபடி பாதுகாப்புச் சோதனை, பிறகுதான் உள்நாட்டு விமானம். இதற்கு விலக்கான சில நிலையங்கள் இருக்கின்றன. அபுதாபி, அயர்லாந்தின் டப்ளின், ஷானன், கனடாவின் டொராண்டோ போன்ற இடங்களில் அமெரிக்க இமிகிரேஷனைக் கிளம்பும் முன்பே முடித்துவிடலாம். அங்கிருந்து போகிறவர்கள் உள்நாட்டுப் பயணிகளைப் போல இறங்கி நேராக நடக்கலாம். இது முன்பே தெரிந்திருந்தால் என் வழியையே மாற்றியிருப்பேன். ஐரோப்பாவில் வேறு கணக்கு. தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளில் ஒன்றில் இறங்கி இன்னொன்றுக்குப் போனால், இமிகிரேஷன் முதலில் இறங்கும் நிலையத்திலேயே நடந்துவிடும், பெட்டி பெரும்பாலும் கடைசி ஊரில்தான் வரும். டிரான்சிட் விசா வேண்டுமா என்பதும் பாஸ்போர்ட்டைப் பொறுத்து நாட்டுக்கு நாடு மாறும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிட வேண்டியது இது.

அந்தப் பெரியவரை நான் மறக்கவே மாட்டேன். அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் வெளியே போயிருப்பேன், பெட்டி அங்கேயே கிடந்திருக்கும். பெட்டி வர இன்னும் 40 நிமிடம் ஆயிற்று. அதைத் திரும்பக் கொடுக்கிற இடத்தில் இன்னொரு இளைஞனைப் பார்த்தேன். டிரான்சிட்டில் வாங்கிய 200 மில்லி வாசனைத் திரவியத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தான். கடையில் முத்திரை போட்டுக் கொடுத்த உறையை விமானத்திலேயே பிரித்துவிட்டான். அவனைக் கவனித்த ஊழியர், இப்போதே பெட்டிக்குள் போட்டுவிடு, அடுத்த சோதனையில் விடமாட்டார்கள் என்றார். அங்கேயே பெட்டியைத் திறந்து, துணிக்கு நடுவே சுற்றி வைத்தான். பெட்டி நம் கைக்கு வருகிற அந்த ஐந்து நிமிடத்தில் அதைச் செய்துவிட வேண்டும்.

அதற்குள் என் மூன்றாவது விமானம் போய்விட்டது. கை கால் நடுங்க நிறுவனத்தின் கவுன்ட்டருக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். இன்னொரு டிக்கெட் வாங்கச் சொல்வார்கள் என்றே நினைத்தேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, மூன்றும் ஒரே புக்கிங்தானே, இரவு விமானத்தில் இடம் போடுகிறேன் என்று புது போர்டிங் பாஸ் அடித்துக் கொடுத்தார். பணம் எதுவும் கேட்கவில்லை. ஒரே பி.என்.ஆர் என்றால், நாம் வேண்டுமென்றே தாமதிக்காத வரை, போய்ச் சேர்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்த இடத்தில் நான் வெறும் ஒரு வராத பயணி. அந்த அம்மாவின் முகம் அப்போது நினைவுக்கு வந்தது.

இரவு ஊர் போய்ச் சேர்ந்தேன், பெட்டி வரவில்லை. பெல்ட் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கோ படித்திருந்தது கைகொடுத்தது. பி.ஐ.ஆர் என்பார்கள், அந்த அறிக்கைக்கு ஓர் எண் தருவார்கள். டேக் துண்டு இல்லாமல் அது நகராது. 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி சேதமாக வந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, மறுநாள் மதியமே வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாற்றுத்துணி ஒன்று கைப்பையில் வைத்திருந்ததால் சமாளித்தேன்.

அன்று மாலை ஒரு தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. அந்த அம்மாவின் மகள். அம்மா வந்துவிட்டார், பெட்டியும் கூடவே வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஒரு படமும் அனுப்பியிருந்தார். திறந்த பெட்டி, மேலாகக் குட்டிக் குட்டி வெள்ளைச் சட்டைகள்.

இப்போது என் அம்மா முதல் முறையாகத் தனியாக வரப்போகிறார். ஒரே பி.என்.ஆரில், ஒரே ஒரு மாற்றம், இடைவெளி 3 மணி 40 நிமிடம் என்று டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். செக்-இன் கவுன்ட்டரை விட்டு நகரும் முன் டேக்கில் என்ன எழுத்து இருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாயிற்று. வீல்சேர் உதவியும் கேட்கப்போகிறேன். 48 மணி நேரம் முன்பாவது சொல்ல வேண்டும் என்பது தெரியும். இறங்கும் இடத்திலிருந்து அடுத்த கேட் வரைக்கும் ஒரே ஆள் கூட வருவாரா, இல்லை நடுவில் எங்காவது உட்கார வைத்துவிட்டு வேறு ஆள் வருவாரா? பெற்றோரை அப்படி அனுப்பியவர்கள் இருந்தால் உங்களுக்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.